சம்மத வயதுச் சட்டம் எல்லா மாணவருக்கும் ஒன்றுதானா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினெட்டு வயது மாணவர் மீது, தன்னைவிட இளையவரான அதே பால் மாணவருடன் உறவு வைத்திருந்ததாக வழக்கு வருகிறது. செய்தி வெளியான அன்றே இரண்டு தீர்ப்புகள் தயாராகிவிடுகின்றன. "ஆணும் பெண்ணுமாக இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது" என்கிறது ஒரு தரப்பு. "சட்டம் எல்லோருக்கும் பொது" என்கிறது இன்னொன்று. சட்டப் பிரிவையும் குற்றப்பத்திரிகையையும் படிக்காமல் இந்த இரண்டில் எதையும் சொல்ல முடியாது. பாகுபாடு நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. அதைத் தவறான இடத்தில் தேடுவதால்தான் கண்ணில் படாமல் போகிறது.

வயதை மட்டும் பார்ப்பது

ஒரு காலத்தில் பாகுபாடு எண்ணிலேயே தெரிந்தது. இங்கிலாந்தில் ஆண்–பெண் உறவுக்குச் சம்மத வயது (உறவுக்குச் சம்மதிக்கத் தகுதியென்று சட்டம் ஏற்கும் குறைந்தபட்ச வயது) 16 என்றிருக்க, 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு 21 என்று வைத்தது. 1994இல் அது 18 ஆனது. 2001 ஜனவரியில்தான் இரண்டும் 16 ஆயின. ஆஸ்திரியாவிலும் பத்தொன்பது வயதைத் தாண்டிய ஆண், 14 முதல் 18 வயது வரையிலான ஆணுடன் உறவு கொண்டால் மட்டும் தண்டிக்கும் தனிப்பிரிவு 2002 வரை இருந்தது. இவ்வளவு வெளிப்படையான சட்டங்கள் இன்று குறைவு. எண் சமமாகிவிட்டது, ஆகவே நீதியும் சமமாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

எண்ணுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது விலக்குப் பிரிவு, அதாவது இருவரின் வயதும் நெருக்கமாக இருந்தால் சட்டம் தரும் சலுகை. அமெரிக்காவின் கான்சஸ் மாநில வழக்கு இதற்குச் சரியான பாடம். அங்கே 14, 15 வயதினருடன் விருப்ப உறவு கொண்டவர் 19 வயதுக்குக் கீழும், வயது இடைவெளி நான்கு ஆண்டுக்குக் கீழும் இருந்தால் தண்டனை மிகவும் குறையும். ஆனால் இருவரும் எதிர்பாலினராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. பதினெட்டு நிறைந்து ஒரு வாரமே ஆன மாணவர் ஒருவரும், 15 நிறைய ஒரு மாதமே இருந்த மாணவர் ஒருவரும் தொடர்புடைய வழக்கில் மூத்தவருக்குக் கிடைத்தது 17 ஆண்டு 2 மாதச் சிறை. அவருக்கு முன் குற்றப் பதிவுகள் இருந்தது உண்மை. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மற்றவர் பெண்ணாக இருந்திருந்தால் 15 மாதத்தைத் தாண்டியிருக்காது. 2005 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த நிபந்தனையை நீக்கியது. அதற்குள் அவர் ஐந்து ஆண்டுக்கும் மேல் சிறையில் கழித்துவிட்டார்.

கலிஃபோர்னியாவில் இருந்த ஏற்பாடு இதைவிட நுட்பமானது. அங்கே எந்தப் பிரிவிலும் "ஒரே பால்" என்ற சொல்லே இல்லை. இளையவர் 14 முதல் 17 வயதுக்குள் இருந்து, மற்றவர் பத்து ஆண்டுக்குள் மூத்தவராக இருந்தால், கருவுறச் செய்யக்கூடிய உறவு என்ற ஒரே வகைக்கு மட்டும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். மற்ற வகை உறவுகளுக்குப் பதிவு கட்டாயம். ஒரே பால் இணைக்கு அந்த முதல் வகை பொருந்தவே பொருந்தாது. யார் என்று கேட்காமல், எந்த வகை உறவு என்று கேட்டே சட்டம் ஒரு பிரிவினரை ஒதுக்கியது. 2020 செப்டம்பரில் கையெழுத்தான திருத்தம்தான் இதைச் சரிசெய்தது. ஆகவே ஒரு சட்டம் பால்பொதுவானது என்று யாராவது சொன்னால், அதில் உறவின் வகைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

வயது நெருக்க விலக்கை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது

"ரோமியோ ஜூலியட் சட்டம்" என்று பொதுவாகச் சொல்லப்படும் விலக்குகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. கனடாவில் 14, 15 வயதினர், ஐந்து ஆண்டுக்கும் குறைவான இடைவெளி உள்ளவருடன் உறவு கொண்டால், அதிகாரமோ சார்போ சுரண்டலோ இல்லாதவரை அது குற்றமே ஆகாது. கான்சஸில் தண்டனை மட்டும் குறைந்தது. ஃபுளோரிடா 2007இல் கொண்டுவந்ததோ குற்றத்தை அழிக்கவில்லை. இடைவெளி நான்கு ஆண்டுக்கு மேல் போகாதவர், பதிவேட்டிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரி மனுப் போட வழி செய்தது, அவ்வளவுதான்.

இது தெரியாமல்தான் 2013இல் ஃபுளோரிடா பள்ளி மாணவி ஒருவரின் வழக்கில் பெரிய விவாதமே திசைமாறிப் போனது. மூத்த மாணவிக்கு 18, இளைய மாணவிக்கு 14. அந்த வயதில் மூத்தவர் பையனாக இருந்திருந்தாலும் அது அங்கே குற்றம்தான். எனவே "இது குற்றமே இல்லை" என்ற வாதம் எடுபடவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. அதே மாவட்டத்தில் அதே வயது இடைவெளியுள்ள ஆண்–பெண் புகார்களில் எத்தனை வழக்காயின? எந்தப் பிரிவில்? குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை தருவதாக அரசுத் தரப்பு பேசியது?

இடைவெளியை "நாலு வருஷம்" என்று தோராயமாகச் சொல்வதும் ஆபத்து. இருவரின் பிறந்த தேதியையும் சம்பவத் தேதியையும் வைத்து நாள் கணக்கில் பாருங்கள். நான்கு ஆண்டுக்குக் குறைவு என்பதும் நான்கு ஆண்டுக்கு மேற்படாமல் என்பதும் வேறு வேறு எல்லைகள்.

ஒரு வழக்கை வைத்து முடிவு கட்டுவது

ஒரு வழக்கு கோபத்தைத் தரும், ஆதாரத்தைத் தராது. அமெரிக்கக் காவல்துறைப் பதிவுகளிலிருந்து, சம்மத வயது மீறல் புகார்கள் 26,726ஐ எடுத்து ஆராய்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே பால் இணைகள் அவற்றில் மிகச் சில. ஆனால் அவற்றில் கைதாகும் வாய்ப்பு மிக அதிகம். இன்னும் முக்கியமான கண்டுபிடிப்பு: இருவரும் காதலர்கள் என்று பதிவாகியிருந்தால், ஆண் மூத்தவராகவும் பெண் இளையவராகவும் உள்ள வழக்கில் கைது வாய்ப்பு குறைந்தது, ஒரே பால் வழக்கில் கூடியது. காதல் ஒருவருக்குச் சலுகையாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் ஆகிறது. பாகுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவு அரிது என்பது எங்கள் கருத்து.

இந்த ஆய்வு முடிவை அப்படியே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் வழக்கைத் தள்ளுபடி செய்யவைக்கலாம் என்று நம்புவதும் தவறுதான். 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் கடுமையானது. அதே நிலையிலிருந்த மற்றவர்கள் மீது வழக்குப் போடாமல் விட்டதையும், பாகுபடுத்தும் நோக்கம் இருந்ததையும் குற்றம் சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும்.

புகார் எங்கிருந்து வந்தது என்று பாராதது

காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் நேர்மையாகவே நடந்துகொண்டாலும், அவர்களிடம் வந்துசேரும் புகார்களே சமமாக இருப்பதில்லை. மகளுக்குக் காதலன் இருப்பது தெரிந்தால் வீட்டோடு முடித்துக்கொள்ளும் பெற்றோர், காதலி என்றதும் காவல் நிலையம் போகலாம். அதன்பின் சட்டம் சரியாகவே நடக்கும், விளைவு மட்டும் சாய்ந்திருக்கும். வழக்கைத் தொடர்வதா என்று முடிவு செய்யும் அதிகாரியின் கையில்தான் இதைச் சரிக்கட்டும் வாய்ப்பு இருக்கிறது. எழுத்தில் வகுத்த பொது வழிகாட்டுதல் அவருக்கு வேண்டும்: வயது இடைவெளி, வற்புறுத்தல், மிரட்டல், அதிகார உறவு. பாலீர்ப்பு அந்தப் பட்டியலில் வரக்கூடாது.

சமத்துவத்தைப் பாதுகாப்புக் குறைப்பாக்குவது

கலிஃபோர்னியத் திருத்தத்தை "சிறார் உறவைச் சட்டபூர்வமாக்குகிறார்கள்" என்று பலர் பரப்பினார்கள். அது பொய். அங்கே சம்மத வயது 18ஆகவே நீடிக்கிறது, குற்றமும் குற்றமாகவே இருக்கிறது. ஆதரவாளர்களும் எதிர்த் திசையில் இதே தவறைச் செய்கிறார்கள். மூத்தவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 14 வயதுப் பிள்ளைக்கு உள்ள பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்வது சமத்துவம் ஆகாது. அந்த இளையவரும் பெரும்பாலும் தன்பாலீர்ப்புள்ள மாணவரே. அவருக்கும் முழுப் பாதுகாப்பு வேண்டும்.

சின்னதாக இரண்டு எச்சரிக்கைகள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் நடப்பில் இருக்கும் சட்டமல்ல: கனடாவில் ஒரு வகை உறவுக்கு மட்டும் கூடுதல் வயது வைத்த பிரிவை ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இலேயே செல்லாது என்றது, ஏட்டிலிருந்து அது நீங்கியது 2019இல். அடுத்து, அமெரிக்காவில் வயது நெருக்க விலக்கு இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அந்தரங்கப் படங்களுக்கு அது பொருந்தாது. அந்தச் சட்டத்தின் எல்லை 18 மட்டுமே.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒன்று. சட்டம் தெரிவிக்கச் சொல்வதைத் தெரிவித்தே ஆக வேண்டும். அறிக்கையில் வயது, தேதி, வற்புறுத்தல் பற்றிய விவரம் இருக்கட்டும். மாணவரின் பாலீர்ப்பைப் பற்றிய ஊகத்தை எழுதாதீர்கள், சட்டம் கேட்டதற்கு மேல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைக்கு வழக்கு தள்ளுபடியானாலும் திரும்பிப் போக இடம் இருக்காது.