உயர்தரப் பௌதிகவியல்: பாஸ்ட் பேப்பரை வீணாக்காமல் செய்வது எப்படி?

கிளாசில் சேர் (ஆசிரியர்) செய்து காட்டிய பாஸ்ட் பேப்பரை, அதாவது கடந்த வருட வினாத்தாளை, வீட்டில் மறுபடி செய்து 50க்கு 42 எடுத்தால், அது ஞாபகசக்திக்குக் கிடைத்த புள்ளி. புதுக் கணக்கைப் பார்த்ததும் கை நிற்கிறதா, நகர்கிறதா என்பது ஒரு பேப்பரை முதன்முறை தொடும்போது மட்டும்தான் தெரியும். அதனால் முதல் வேலை பேப்பர் செய்வதல்ல, பேப்பரை ஒளித்து வைப்பது.

1. பிரித்து வையுங்கள்

தமிழ்மொழிமூல வினாத்தாள்களைப் புள்ளித்திட்டத்தோடு சேர்த்து எடுங்கள். கடைசி ஐந்து வருடப் பேப்பரை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். கிளாசில் அவை வந்தே தீரும் என்றால் இரண்டையாவது காப்பாற்றுங்கள். பழையவற்றைப் பாடத்திட்டத்தின் 11 அலகுகளுக்கும் பிரித்து, ஓர் அலகு முடிந்த கையோடு அந்த அலகின் வினாக்களைச் செய்யுங்கள்.

கடையில் வாங்கும் விடைப் புத்தகங்களில் பிழை விடைகள் உண்டு. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை கிடைத்தால் விடாதீர்கள். எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்று அதில் இருக்கும்.

2. கணிப்பானை மூடி வையுங்கள்

பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதியில்லை. வீட்டில் போனில் தட்டிப் பழகியவருக்கு மண்டபத்தில் ஒரு வகுத்தலே மூன்று நிமிடம் தின்னும். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று பேப்பரிலேயே தருவார்கள், 9.8 போட்டுச் சிரமப்பட வேண்டாம்.

3. அமைப்புக் கட்டுரை

இரண்டாம் பத்திரத்தில் நான்கு அமைப்புக் கட்டுரைகளும் கட்டாயம். பெரும்பாலும் ஆய்வுகூடச் செய்முறையிலிருந்துதான் வரும். புள்ளி அதிகம் சிந்தும் இடமும் இதுதான்.

கம்பியொன்றின் விட்டம் 0.50 மில்லிமீற்றர் என்று வைப்போம். நுண்மானித் திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை, அதாவது அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீற்றர். சதவீத வழு 2. இதே கம்பியை 0.1 மில்லிமீற்றர் இழிவெண்ணிக்கையுள்ள வேணியர் இடுக்கிமானியால் அளந்தால் வழு 20 சதவீதம். "ஏன் இந்தக் கருவி?" என்ற கேள்விக்கு இந்தக் கணக்குத்தான் விடை, "திருத்தமாக அளக்கலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பூச்சிய வழுவைப் பார்த்ததையும், கம்பியின் பல இடங்களில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்ததையும் எழுதுங்கள்.

வரைபில் படித்திறன் (கோட்டின் சாய்வு) காணும்போது அட்டவணையிலுள்ள இரு வாசிப்புகளைத் தூக்கிப் போடுவது வழக்கமான பிழை. வரைந்த கோட்டின் மேலேயே, ஒன்றுக்கொன்று நன்கு தள்ளியிருக்கும் இரு புள்ளிகளை எடுங்கள். அலகையும் எழுதுங்கள். கலத்தின் அகத்தடைப் பரிசோதனையில் அழுத்த வித்தியாசத்தை நிலைக்குத்து அச்சிலும் மின்னோட்டத்தைக் கிடை அச்சிலும் குறித்தால், வெட்டுத்துண்டு மின்னியக்க விசை. படித்திறன் மறைப் பெறுமானம், அதன் பருமன்தான் அகத்தடை. மறைக்குறியோடு அகத்தடை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்!

4. முழுப் பேப்பர்

இப்போது உறையைத் திறக்கலாம். மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து பஸ் ஏறித் திருகோணமலை டவுனுக்கு வரும் பிள்ளைகள் கிளாஸ் நாளில் இதைச் செய்யாதீர்கள்; களைப்பில் வரும் புள்ளி எதையும் சொல்லாது. கிளாஸ் இல்லாத போயா தினம் நல்லது. நேரசூசியில் உள்ள நேரத்துக்கே உட்காருங்கள்.

பல்தேர்வு 50 வினா, 2 மணித்தியாலம். முதல் 75 நிமிடத்தில் தெரிந்தவற்றை மட்டும் செய்யுங்கள். ஒரு வினாவில் இரண்டரை நிமிடம் போனால் வட்டமிட்டுவிட்டு நகருங்கள். அடுத்த 35 நிமிடம் வட்டமிட்டவற்றுக்கு, மீதி 10 விடைத்தாளைச் சரிபார்க்க. ஒரு வினாவைத் தாண்டிப் போனால் விடைத்தாளிலும் அந்த இலக்கத்தைத் தாண்டித்தான் புள்ளடி போட வேண்டும். இதை மறந்தால் அடுத்த இருபதும் ஒரு வரி இறங்கிவிடும். பிழை விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

இரண்டாம் பத்திரத்துக்கு 3 மணித்தியாலம். கட்டுரையில் ஆறில் நான்கு. மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் அந்த நான்கையும் தெரிவு செய்து முடியுங்கள். பாதி எழுதி வெட்டிய கட்டுரை இரண்டு கட்டுரையின் நேரத்தைக் கொண்டுபோகும்.

5. திருத்துவது

செய்ததைவிடத் திருத்த அதிக நேரம் எடுக்க வேண்டும். சிவப்புப் பேனையால், புள்ளித்திட்டத்தில் உள்ள வரி உங்கள் விடையில் இருந்தால் மட்டும் புள்ளி. "நான் நினைச்சது அதுதான்" என்பதற்குப் பூச்சியம். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் தெரியாது, அவசரம், கணக்குப் பிழை என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். "தெரியாது" கூடியிருந்தால் அடுத்த பேப்பரைத் திறக்காமல் அந்த அலகுக்குத் திரும்புங்கள்.

கிடைத்த புள்ளியை மட்டும் வைத்துக் கவலைப்படவும் வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுப்பது. சராசரி 40, நியம விலகல் 15 என்றால் 60 புள்ளிக்கு 1.33 வரும். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 5 பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று.

உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சை (Common General Test) இசட் புள்ளியில் சேராது. ஆனால் அதில் 30 புள்ளி இல்லாவிட்டால் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. கடைசி இரண்டு மாதம் அதிலும் வாரத்துக்கு ஒரு பேப்பர் செய்தால் போதும்.