கவுன்சிலிங்ல எல்லை எங்கெல்லாம் உடையுது? புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லைன்னா கவுன்சிலருக்கும், அவங்ககிட்ட உதவி கேட்டு வர்ற க்ளையன்டுக்கும் நடுவுல இருக்குற உறவு கவுன்சிலிங்கோட நிக்குறது, சொந்தம், பணம், காதல்னு வேற உறவு அதோட கலக்காம பார்த்துக்குறது. எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சு வர்ற நிறைய பேருக்கு முதல் க்ளையன்ட் சொந்தக்காரங்க தான். "நீ தான் இதுக்குன்னே படிச்சிருக்கியே, நம்ம சின்னவ ரெண்டு மாசமா யார்கூடயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறா, கொஞ்சம் உக்கார வச்சு பேசேன்"னு அத்தை கேட்டா மாட்டேன்னு எப்படி சொல்றது, படிச்ச திமிருன்னு நினைச்சிடுவாங்களேன்னு ஒத்துக்கிறாங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு உங்க அம்மா மேலயே கோவம் இருக்கலாம், வீட்டுக்குத் தெரியாத காதல் இருக்கலாம், அதெல்லாம் உங்ககிட்ட சொல்லிட்டு அடுத்த வளைகாப்புல உங்களை எப்படி நிமிர்ந்து பார்ப்பா? பாதிய மறைச்சிடுவா, நீங்களும் மிச்சப் பாதிய ஏற்கனவே குடும்பக் கதையா கேட்டு வச்சிருப்பீங்க. நடுநிலையா இருக்க முடியாத உறவுக்காரங்களுக்கும் ஃப்ரெண்ட்ஸுக்கும் கவுன்சிலிங் பண்ணவே கூடாதுன்னு அமெரிக்கன் கவுன்சிலிங் அசோசியேஷனோட 2014 நெறிமுறை நேரடியாவே சொல்லுது. அக்காவா உக்காந்து கேளுங்க, தப்பில்ல, ஆனா செஷன் எடுக்காதீங்க. தெரிஞ்ச நல்ல கவுன்சிலர் ரெண்டு பேர் நம்பர் குடுங்க, செலவு பிரச்சனைன்னா 14416க்கு போன் போட்டா அரசோட மனநல ஹெல்ப்லைனான டெலி மானஸ்ல இலவசமா தமிழ்லயே பேசலாம்.

அடுத்தது ஸ்கூல் கவுன்சிலர் வேலை, இதுல சிக்கல் ரொம்ப ஜாஸ்தி. கவுன்சிலர்னு வேலைக்கு எடுப்பாங்க, ஒரு மாசத்துல டீச்சர் லீவுன்னா க்ளாஸ் பாருங்கம்பாங்க, எக்ஸாம் டியூட்டி போடுவாங்க, அப்புறம் டிசிப்ளின் கமிட்டியிலயும் உக்கார வைப்பாங்க. காலையில தன்னோட பயத்தை அழுதுக்கிட்டே சொன்ன பையன் சாயங்காலம் விசாரணை ரூம்ல எதிர்ல உங்களையே பார்த்தான்னா இனிமே உங்க கதவைத் தட்டவே மாட்டான், அவன் ஃப்ரெண்ட்ஸும் வர மாட்டாங்க. சேரும்போதே மேனேஜ்மென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, மார்க் போடுறது தண்டனை முடிவு பண்றது ரெண்டும் என் வேலையில வராதுன்னு. பிள்ளைங்ககிட்டயும் முதல் நாளே எது ரகசியமா இருக்கும் எது இருக்காதுன்னு உடைச்சு சொல்லிடணும், ஏன்னா பாலியல் துன்புறுத்தல் பத்தி தெரிய வந்தா போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி நீங்க போலீஸுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ தெரிவிச்சே ஆகணும், தெரிவிக்கலன்னா 21வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு அப்புறம் சொல்றது அந்தக் குழந்தைக்கு இன்னொரு துரோகம்.

இதைப் படிச்சிட்டு க்ளையன்டை ரோட்ல பார்த்தா தெரியாத மாதிரி போகணும் போலன்னு நினைக்காதீங்க, அதுவும் தப்பு தான். சின்ன ஊர்ல உங்களுக்கு மாத்திரை குடுக்குற மெடிக்கல் ஷாப்காரரே க்ளையன்டா வரலாம், தவிர்க்க முடியாது. 1993ல கட்ஹெய்ல், கப்பார்ட்னு ரெண்டு மனநல டாக்டர்கள் எழுதின கட்டுரையில எல்லையைக் கொஞ்சம் தாண்டுறது (பவுண்டரி கிராஸிங்) வேற, எல்லையை மீறுறது (பவுண்டரி வயலேஷன்) வேறன்னு பிரிச்சுக் காட்டினாங்க, முதலாவது சில நேரம் க்ளையன்டுக்கு நல்லது கூட பண்ணும், ரெண்டாவது சுரண்டல். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொண்டு வந்தா வாங்கிக்கிறதுல எனக்கு தயக்கமே இல்ல, வேண்டாம்னு தள்ளினா அவங்க மனசு தான் நோகும், ஆனா தங்கக் காசு குடுத்தா பதமா திருப்பிக் குடுத்துட்டு ஏன் குடுக்கத் தோணுச்சுன்னு செஷன்லயே பேசணும். கல்யாணப் பத்திரிகை வச்சாங்கன்னா போறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, மண்டபத்துல யாராவது "இவங்க யாரு"ன்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்கன்னு. அந்த பதிலை அவங்க தான் முடிவு பண்ணணும்.

பணம் வர்ற இடத்துல மட்டும் தாராளம் வேண்டவே வேண்டாம். க்ளையன்ட்கிட்ட கைமாத்து வாங்குறது, சீட்டு சேர்றது, ரியல் எஸ்டேட்ல இருக்கார்னு அவர்கிட்டயே மனை வாங்குறது, வேலையில்லாம கஷ்டப்படுறாங்களேன்னு உங்க சென்டர்லயே ரிசப்ஷன்ல போடுறது, இதெல்லாம் நல்ல மனசோட தான் ஆரம்பிக்கும். நாளைக்கு சம்பளப் பிரச்சனை வந்தா ரிசப்ஷன்ல இருக்குற அந்த க்ளையன்ட் உங்களைப் பத்தி எந்த கவுன்சிலர்கிட்ட போய் அழும்? உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ற தைரியம் க்ளையன்டுக்கு இருக்காது, அவங்க ரகசியமெல்லாம் உங்ககிட்ட இருக்கு, உங்களோடது ஒண்ணு கூட அவங்ககிட்ட இல்ல.

வாட்ஸ்அப்புக்கு தனி நம்பர் வச்சுக்கோங்க. எத்தனை மணி வரைக்கும் பதில் வரும், அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு முதல் செஷன்லயே எழுதிக் குடுத்துடுங்க. சொந்த இன்ஸ்டா அக்கவுன்ட்ல ஃபாலோ ரிக்வஸ்ட் வந்தா ஏத்துக்காதீங்க, ஏன் ஏத்துக்கலன்னு நேர்ல சொல்லிடுங்க, சொல்லாம விட்டா வெறுத்துட்டாங்கன்னு நினைப்பாங்க.

காதல், உடல் உறவு விஷயத்துல யோசிக்கவே இடமில்ல. "ரெண்டு பேரும் மேஜர், விருப்பப்பட்டு தானே"ன்னு சிலர் பேசுறதைக் கேட்டா எனக்குக் கோவம் தான் வருது. உடைஞ்சு போயிருக்கும்போது தன்னைப் பொறுமையா கேட்ட ஒரே ஆள் மேல ஒரு பிடிப்பு வர்றது இயல்பு, அது சிகிச்சையில பேச வேண்டிய விஷயம், கவுன்சிலர் தனக்குன்னு எடுத்துக்குற விஷயம் இல்ல. சரி, கவுன்சிலிங்கை முடிச்சிட்டு அப்புறம் பழகலாமேன்னா அதுக்கும் வழி அடைச்சு தான் இருக்கு: அமெரிக்கன் கவுன்சிலிங் அசோசியேஷன் கடைசித் தொடர்புக்கு அப்புறம் 5 வருஷம் தடை போடுது, அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் குறைஞ்சது 2 வருஷம், அதுக்கப்புறமும் ரொம்ப அபூர்வமான சூழ்நிலையில மட்டும் தான், அதுல சுரண்டல் இல்லன்னு காட்ட வேண்டிய பொறுப்பும் சைக்காலஜிஸ்ட் தலையில தான்.

நீங்க வழுக்குறீங்களான்னு எப்படி தெரியும்? ஒருத்தருக்கு மட்டும் செஷன் முக்கா மணி நேரம் ஜாஸ்தியாப் போகுது, அவங்க வர்ற அன்னைக்கு பார்த்துப் பார்த்து டிரஸ் பண்றீங்க, ஃபீஸ் கேட்க வாய் வரல, முக்கியமா இதையெல்லாம் சூப்பர்வைசர்கிட்ட, அதாவது உங்க கேஸ்களைப் பத்திப் பேசி உங்களுக்கு வழிகாட்டுற சீனியர்கிட்ட, சொல்லாம விடுறீங்க. அப்படின்னா அந்த வாரமே அவர்கிட்ட போய் சொல்லுங்க, நோட்ஸ்ல தேதியோட எழுதுங்க, என்ன நடந்துச்சு என்ன முடிவு எடுத்தீங்கன்னு. வேற கவுன்சிலர்கிட்ட அனுப்பணும்னு முடிவாச்சுன்னா திடீர்னு போனை எடுக்காம விட்டுடாதீங்க, ரெண்டு மூணு செஷன் வச்சு காரணத்தை சொல்லி அவங்க மேல தப்பில்லன்னு புரிய வச்சு தான் அனுப்பணும், புது ஆள்கிட்ட முதல் அப்பாயின்ட்மென்ட் நடந்து முடியுற வரைக்கும் அவங்க உங்க பொறுப்பு தான்.