முதல் மஸ்டாங்: எண்ணைப் படியுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்

புதுச்சேரியில் ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் விலைக்கு வந்தால் பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். முதல் வேலை பானட்டைத் தூக்குவது. ஸ்டீயரிங் இருக்கும் இடது பக்கம், ஃபெண்டரின் உள்தகட்டு மேல்விளிம்பில் வண்டி எண் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். கம்பி பிரஷ் போட்டால் எழுத்து மழுங்கிவிடும். கதவில் ரிவெட் அடித்த தகட்டை மட்டும் நம்பக் கூடாது. அதே மாதிரி புதுத் தகடு செய்து விற்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

5F09K என்று தொடங்கினால்: 5 என்றால் 1965 மாடல். F டியர்பார்ன் ஆலை, R சான் ஹோசே, T மெட்டச்சன். 07 ஹார்ட்டாப் (நிலையான கூரை), 08 கன்வெர்ட்டிபிள் (மடக்கும் துணிக் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்னோக்கிச் சரியும் கூரை). கடைசி எழுத்து எஞ்சின். அதற்குப் பின் ஆறு இலக்க வரிசை எண்.

தயாரிப்பு 1964 மார்ச் 9 அன்று டியர்பார்னில் தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். '1964½' என்று சொல்லி விற்கப்படும் வண்டியிலும் முதல் இலக்கம் 5 தான். அந்த ஆரம்ப வண்டிகளில் எஞ்சின் எழுத்து U, F, D ஆக இருக்கும். பேட்டரியை ஜெனரேட்டர் சார்ஜ் செய்யும். பின்னால் வந்தவற்றில் T, C, A, சார்ஜுக்கு ஆல்டர்னேட்டர். K என்பது 289 கன அங்குல, 271 குதிரைத்திறன் வி8. மசில் கார் (வலுவான எஞ்சின் வைத்த வேக வண்டி) என்ற பேருக்குப் பொருந்துவது அதுதான், போலியும் அதில்தான் அதிகம். பின் ஆக்ஸிலைப் பாருங்கள்: K வண்டிக்கு 9 அங்குல ஆக்ஸில் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்). ஆக்ஸில் நடுவில் உள்ள உருண்டைக் கூட்டின் கீழ் நட்டுகளில் சாக்கெட் ஏறாது, ஸ்பேனர்தான் வேண்டும். எல்லா நட்டிலும் சாக்கெட் ஏறினால் அது 8 அங்குலம்.

எண் சரி என்றால் கவுல். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் ஓட்டைகள் உள்ள பகுதி அது. வேப்பிலையும் தூங்குமூஞ்சி மரத்துச் சருகும் அதற்குள் மக்கிப் படியும். உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் உள்தகடு ஓட்டையாகிவிடும். தரைக் கம்பளத்தை எடுத்து இரு பக்கமும் செய்தித்தாள் விரியுங்கள். ஹோஸ் பைப்பில் மெதுவாக, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருபுறமும் ஒழுகி வெளியே வந்தால் நல்லது. வரவில்லை என்றால் வடிகால் அடைத்திருக்கிறது. தாள் நனைந்தால் கவுல் போய்விட்டது. எம்-சீல், பட்டி எதுவும் உதவாது. ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல்தகட்டைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும்.

ஃபோர்டின் ஃபால்கன் காரின் அடிப்படையில் செய்த வண்டி என்பதால் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லை, தரையே எலும்பு. தரைத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடம் பட்டி போட்ட இடம். கன்வெர்ட்டிபிளில் டிங்கர் தரையை வெட்டும் முன் கதவு நிலைகளுக்கு இடையே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் உடல் தொங்கி, கதவு மூடாது.