பழைய பெல்ட் லேத்தைச் சின்னதாகச் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பையன் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றி, எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு பெல்ட் லேத், அதாவது பெல்ட்டில் ஓடும் பழைய கடைசல் மிஷினின் மாடல். ஒன்பது மாத வேலை. லேத்தின் நீள அடிப்பாகமான பெட்-ஐ அத்தனை சுத்தமாக அரம் போட்டிருந்தான். வலது முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கின் கைச்சக்கரம் விரல் நுனி பட்டாலே சுற்றியது.

"பெல்ட் நடு ஸ்டெப்புல மட்டும் நிக்குதுங்ணா. ஒண்ணுல தொங்குது, ஒண்ணுல ஏறவே மாட்டேங்குது. மோட்டாரை மாத்தோணுங்களா?"

நான் மோட்டாரைப் பார்க்கவில்லை. மேலே இருந்த, படிபடியாக விட்டம் மாறும் புல்லியைப் பார்த்தேன். அந்தப் படிகளைத்தான் ஸ்டெப் என்பார்கள். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் நான் செய்து வைத்த அதே கூத்து.

அரம் நழுவுவது, ட்ரில் பிட் உடைவது, பித்தளைத் தகட்டைக் கோணலாக அறுப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதெல்லாம் நாலு தடவை கையைக் கிழித்துக்கொண்டால் தானாக நின்றுவிடும். தானாக நிற்காதவை சில இருக்கின்றன.

இன்றைக்கு நிற்கிற மிஷினை அப்படியே அளப்பது

நான் எடுத்தது ஆறடி பெட் லேத். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறை மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. பட்டறைக்காரர் நல்ல மனுசர், ஸ்டூல் போட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார். மூன்று ஞாயிறு வெர்னியரோடு (நுட்பமாக அளக்கும் கருவி) உட்கார்ந்து நூற்றுக்கு மேற்பட்ட அளவுகளை நோட்டில் ஏற்றினேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் தப்பு.

அந்தக் காலத்தில் மிஷினுக்கு ஒரு மோட்டார் கிடையாது. பட்டறை நீளத்துக்கும் மேலே லைன் ஷாஃப்ட் என்கிற ஒரு சுழலும் தண்டு ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் மேலே தொங்கும் கவுண்டர் ஷாஃப்ட்டுக்கு ஒரு பெல்ட் வரும். கவுண்டர் ஷாஃப்ட்டில் ஒரு ஸ்டெப் புல்லி, லேத்தின் ஹெட்டில் (வேலைத்துண்டைச் சுற்றும் இடது முனை) தலைகீழாக இன்னொரு ஸ்டெப் புல்லி. பெல்ட்டை ஒரு ஸ்டெப்பிலிருந்து அடுத்ததுக்குத் தள்ளினால் வேகம் மாறும். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்து கோயமுத்தூரில் மில்லும் பட்டறையும் பெருகிய பிறகும் பல இடங்களில் லைன் ஷாஃப்ட் போகவில்லை. எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மிஷின் மேல் எத்தனை பேர் கை பட்டிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

நோட்டில் இருந்த கணக்கு இது. ஹெட்டில் இருந்த கீழ்ப் புல்லி 4, 6, 8 இஞ்ச். மேல் புல்லி அதற்கு நேராக 8, 6½, 5 இஞ்ச். இப்போது கூட்டிப் பாருங்கள்: 12, 12½, 13. ஒரே பெல்ட் மூன்று ஸ்டெப்பிலும் ஓட வேண்டுமானால், எதிரெதிர் ஸ்டெப்புகளின் விட்டத்தைக் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும். 12-க்கும் 13-க்கும் உள்ள அந்த ஒரு இஞ்ச், பெல்ட் நீளத்தில் ஏறக்குறைய 40 மி.மீ. வித்தியாசம். எட்டில் ஒரு பங்கு மாடலில் 5 மி.மீ. மூன்று கூட்டல் கணக்கு, அரை நிமிச வேலை. நான் செய்யவில்லை.

மாடல் முடிந்து பெல்ட் போட்டால் பையனுக்கு வந்த அதே கோளாறு. கவுண்டர் ஷாஃப்ட்டைத் தாங்கும் பிராக்கெட்டை இடம் மாற்றினேன். மூன்று தடவை. பின்பலகை சல்லடையானது. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், தொகை ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? மேல் புல்லியைத் தொடவில்லை, அது சிக்கலான இடத்தில் இருந்தது. ஹெட்டிலிருந்த கீழ்ப் புல்லியை 4, 5½, 7 என்ற கணக்குக்குக் கடைந்து குறைத்தேன். எல்லாம் 12 வந்தது. பெல்ட் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு வாரம் வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் ஓட்டிக் காட்டினேன்.

அந்த லேத்தில் ஒரு காலத்தில் வேலை பார்த்த டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவர் கோயமுத்தூர் கணபதியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். வயசு எண்பதுக்கு மேல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாடலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

"ஏனுங் தம்பி, கீழ்ப் புல்லிய எதுக்குங்க வெட்டுனீங்க? அதுதானுங்க மிஷினோட வந்தது. மேல இருக்கறது நாங்க மாட்டுனது. பழசு ஒடஞ்சு போச்சு, ஜின்னிங் ஃபேக்டரில ஒண்ணு சும்மா கெடந்துது. அதைப் போட்டு நடு ஸ்டெப்புலயே ஓட்டிக்கிட்டோம்."

சரியாக இருந்ததை வெட்டி, தப்பாக இருந்ததுக்குப் பொருத்தியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது. புல்லியை வெளியே எடுக்க, ஹெட்டில் சுழலும் அச்சான ஸ்பிண்டிலைக் கழற்ற வேண்டும். ஸ்பிண்டில் பேரிங்குகளை ஈயப்பற்று வைத்து நிரந்தரமாக உட்காரவைத்திருந்தேன் (அது இன்னொரு முட்டாள்தனம், திருகு போட்டிருக்க வேண்டும்). சூடு காட்டியதும் ஒரு பேரிங் நகர்ந்தது, டெயில்ஸ்டாக்கோடு நேர்கோடு போயிற்று. ஹெட் முழுவதையும் முதலிலிருந்து செய்தேன். நான்கு மாதம்.

அதனால் முதல் நாள் வெர்னியரை வெளியே எடுக்காதீர்கள். டார்ச்சை எடுங்கள். என் லேத்தில் கீழ்ப் புல்லி ஷாஃப்ட்டில் சாவி (இரண்டையும் பூட்டும் இரும்புத் துண்டு) அடித்து இறுக்கப்பட்டிருந்தது, மேலே இருந்தது தலையில்லாத இரண்டு க்ரப் ஸ்க்ரூவில் நின்றது. கீழே பெயின்ட் நான்கு அடுக்கு, மேலே ஒன்றுதான். வார்ப்பில் இருந்த எழுத்துகளின் வடிவமே வேறு. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அளப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள், மாடலை முடித்துவிட்டு அல்ல. மாற்றிய பாகத்தையே மாடலில் வைக்க ஆசையானால் வையுங்கள், அதுவும் ஒரு சரித்திரம்தான். ஆனால் தெரிந்து வையுங்கள்.

இன்னொன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று கவுண்டர் ஷாஃப்ட்டைக் கீழே இறக்குகிறவர்கள் உண்டு. இரண்டு ஷாஃப்ட்டும் நெருங்கிவிட்டால் தொகை சமமாக இருந்தாலும் நடு ஸ்டெப்பில் பெல்ட் கொஞ்சம் தளரும். நடு ஸ்டெப்பை ஒரு மயிரிழை பெரிதாக விடுங்கள்.

இஞ்சில் பிறந்ததை மில்லிமீட்டரில் நம்புவது

நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முந்தைய மிஷினை வரைந்தவர் இஞ்சிலும் அதன் பின்னத்திலும்தான் யோசித்திருப்பார். வெர்னியர் 37.7 காட்டினால் அது 37.7 அல்ல. 38.1-ஆகப் பிறந்து தேய்ந்தது, அதாவது ஒன்றரை இஞ்ச். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: ஒன்றில் வெர்னியர் காட்டியது, மற்றதில் அதற்குப் பக்கத்துப் பின்னம். எட்டால் வகுப்பது பின்னத்தை.

புல்லி முகத்தைத் தட்டையாகக் கடைவது

தட்டை பெல்ட் எப்போதும் விட்டம் பெரிதான பக்கத்துக்கே ஏறும். அதனால்தான் புல்லி முகத்தின் நடுவில் லேசான மேடு விட்டிருப்பார்கள், பெல்ட் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். பெரிய புல்லியில் அந்த மேடு அரை மி.மீ. என்று வையுங்கள். எட்டால் வகுத்தால் 0.06, பெயின்ட் கனம்கூட இல்லை. அளவுக்குச் சரி, ஓட்டத்துக்கு உதவாது. 0.2 மி.மீ. மேடு விடுங்கள். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, பெல்ட்டுக்குத் தெரியும்.

மரையில் உயிரை விடுவது

அரை இஞ்ச் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 மரை. அதையும் எட்டால் வகுத்து, அந்த மரையை வெட்டும் டை தேடி அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும் (கண்ணாடியில் பார்த்தால் தெரிவார்). எம் 1.6 (1.6 மி.மீ. மெட்ரிக் மரை) போட்டுவிட்டுப் போங்கள், நட்டுக்குள்ளே இருக்கிற மரையை யார் எண்ணப்போகிறார்கள்? கண்ணில் படுவது தலை. டூல் போஸ்ட் (வெட்டும் உளியைப் பிடிக்கும் பாகம்) போல்ட்டுக்குச் சதுரத் தலை இருந்தால் சதுரத்தையே அரம் போட்டு எடுங்கள். கடையில் கிடைக்கிற அறுகோணத் தலை ஒன்று உட்கார்ந்தாலே மாடல் பொம்மையாகிவிடும்.

ஸ்டார் ஸ்க்ரூ

வேண்டாம்.

சூப்பர் க்ளூ

அதன் ஆவி பளபளப்பான பித்தளை மேல் வெள்ளையாகப் படியும்.

பளபள பெயின்ட்

எண்ணெய் குடித்த வார்ப்பிரும்பு மினுங்காது.

"அடுத்த ஞாயிறு வந்து மீதியை அளக்கிறேன்"

பல்லடம் பக்கத்தில் ஒரு பட்டறையில் பழைய ஷேப்பர் ஒன்று நின்றது, உலோகத்தை இழைப்புளி மாதிரிச் சீவுகிற மிஷின். ராம் (உளியோடு முன்னும் பின்னும் ஓடும் பாகம்), வைஸ், டேபிள் எல்லாம் அளந்தேன். ஷேப்பரின் உயிர் உடம்புக்குள் ஆடுகிற ராக்கர் ஆர்மில் இருக்கிறது. ராம் முன்னால் போகும்போது நிதானமாக வெட்டி, வெறுமனே திரும்பும்போது வேகமாக வருவது அதனால்தான். பக்கவாட்டு மூடியைக் கழற்ற ஸ்பானர் பொருந்தவில்லை. சரியான ஸ்பானரோடு அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு போனால் தரையில் நான்கு போல்ட் ஓட்டையும், எண்ணெய்க் கறையும், டெம்போ சக்கரத் தடமும். "செவ்வாக்கெழமையே எடைக்குப் போட்டுட்டமுங்க" என்றார்கள். உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

நோட்டில் அந்த ஷேப்பர் இன்னும் இருக்கிறது. ராம் நீளம், வைஸ் அகலம், டேபிள் உயரம். ராக்கர் ஆர்ம் என்று எழுதி, பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.