'ஹோல்ட்' என்ற பழைய காட்டுச் சொல்: வேர் தேடிப் பழகுவோமா?

இங்கிலாந்து வரைபடத்தில் 'ஹோல்ட்' என்று முடியும் ஊர்கள் அங்கங்கே தென்படும். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காடு, தோப்பு என்று பொருள். இன்றைய பேச்சில் அது அநேகமாக இல்லை, ஊர்ப்பெயர்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேர் தேடிப் பழக நல்ல சொல்.

படி 1: பொருளைக் கூர்மையாக்குங்கள்.
'காடு' என்று குறித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஊர்ப்பெயர்களில் ஹோல்ட்டுக்கு முன்னால் பெரும்பாலும் என்ன வருகிறது என்று பாருங்கள். ஓக் போன்ற மரப்பெயர் அடிக்கடி வரும். அதனால், ஒரே வகை மரம் மிகுந்த காட்டையே இச்சொல் குறித்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

படி 2: சொந்தக்காரர்களைத் தேடுங்கள்.
ஜெர்மனில் 'ஹோல்ட்ஸ்', டச்சில் 'ஹௌட்'. இரண்டுக்கும் இன்று மரக்கட்டை என்றுதான் முதல் பொருள். கிரேக்கத்தில் 'க்ளாடோஸ்' என்றால் கிளை. அங்கே 'க' இருக்கும் இடத்தில் ஆங்கிலம், ஜெர்மன், டச்சு அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும். கொம்பைக் குறிக்கும் இலத்தீன் 'கோர்னு', ஆங்கில 'ஹார்ன்' இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புரியும். க்ளாடோஸைப் பார்த்ததும் 'அட, நம்ம கிளை!' என்று குதிக்க வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் மாற்றம் வேண்டும்.

படி 3: மிகப் பழைய எழுத்து வடிவத்தைப் பாருங்கள்.
வேலையே இதில்தான் இருக்கிறது. மேற்கு லண்டனில் உள்ள நார்த்தோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'வடக்குக் காடு' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் அது 'நார்த்தாலா'. ஈற்றில் இருப்பது ஹோல்ட் அல்ல, நிலத்தின் மூலையைக் குறிக்கும் 'ஹால்ஹ்'. தெற்கே இருந்த மூலைதான் இன்றைய சவுத்தால்!

கென்ட் மாவட்டத்து நாக்ஹோல்ட் இதற்கு நேர்மாறு. பெயரில் 'நாக்' என்று தட்டும் சத்தம் கேட்கும், உள்ளே இருப்பதோ ஓக் காடு. 'அட்டன் ஓக்ஹோல்ட்', அதாவது 'ஓக் காட்டருகே' என்று சொல்லிச் சொல்லி, முன்சொல்லின் கடைசி 'ன்' ஓக்கோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் நிற்கும் ஒலிக்காத 'கே' எழுத்து பிறகு வந்து சேர்ந்தது.

ஹாம்ப்ஷயரின் ஆலிஸ் ஹோல்ட் காட்டிலும் ஆலிஸ் என்ற பெண் கிடையாது. 'ஏல்ஃப்சிகே' என்ற ஆணின் பெயர் தேய்ந்த கதை அது.

படி 4: இரட்டையர்களைப் பிரித்துப் பாருங்கள்.
நீர்நாயின் வளைக்கும் ஆங்கிலத்தில் 'ஹோல்ட்' என்றே பெயர். அதைக் காட்டுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது பிடித்துக்கொள்வதைக் குறிக்கும் வேறொரு ஆங்கிலச் சொல்லின் திரிபு.