மூட்டு மாற்று ஆபரேஷனா? ஒரு மாதம் முன்பே ரத்தத்தைக் கவனியுங்கள்

எலும்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முழங்கால் மூட்டு மாற்ற அம்மாவை அழைத்து வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சிஸ்டர், எத்தனை பாட்டில் ரத்தம் ரெடி பண்ணணும்?" ஒரு கால் மட்டும் மாற்றிக்கொள்பவர்களில் பலர் இப்போது ரத்தமே ஏற்றாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அதற்கான வேலை ஆபரேஷன் தியேட்டரில் தொடங்குவதில்லை.

தேதி பேசும்போதே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். வெளியே வருவதும் மூட்டுக்குள் தேங்குவதுமாகச் சேர்த்து ஒரு லிட்டர் வரைகூட ரத்தம் போகலாம். ஹீமோகுளோபின் இரண்டு, மூன்று இறங்கும். 13.5 உள்ளவர் 11-க்கு வந்தாலும் எழுந்து நடப்பார். 10-ல் உள்ளே போனவர் 7.5-ல் வெளியே வந்தால் பை தொங்கவிடத்தான் வேண்டும். 12-க்குக் கீழ் இருந்தால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாமல் ஃபெரிட்டினும் (உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். அது 30-க்குக் கீழ் என்றால் இரும்புச்சத்து இருப்பு காலி.

ஏன் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் மூட்டுவலி மாத்திரை விழுங்கியவருக்கு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியலாம். மலம் கருப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். இரும்பு மாத்திரை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், அதைப் போட்டாலும் கருப்பாகத்தான் போகும்.

ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தால் பெரும்பாலும் மாத்திரை போதும். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. (காலைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "மாத்திரை கேட்கவே இல்லை" என்பார்கள்.) வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நாள் குறைவு என்றால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். பீட்ரூட், பேரீச்சம்பழம் சாப்பிடட்டும், ஆனால் ஒரு மாதத்தில் 9-ஐ 12 ஆக்க அவற்றால் ஆகாது.

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள், நாட்டு மருந்து உட்பட. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது.

மயக்க டாக்டரிடம் டிரானெக்ஸாமிக் ஆசிட் உண்டா என்று கேளுங்கள். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்ட மருந்து; மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்களுக்குக் கொடுப்பதும் இதுதான். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்துவைக்கும். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்திருந்தால், வலிப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு காலையும் ஒரே நாளில் மாற்றினால் ரத்த இழப்பும் கூடும். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர்கள் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே நல்லது என்பேன்.

ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். "என் ரத்தத்தையே அம்மாவுக்கு ஏத்துங்க" என்று மகன்கள் அடம்பிடிப்பதுண்டு. நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்றினால், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும். பிளட் பேங்கில் கொடுங்கள், வேறு யாருக்காவது போகட்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் வரை அது இறங்கும். 8-க்குக் கீழ் போனால், அல்லது உட்காரவைத்தாலே தலைசுற்றல், படபடப்பு, நெஞ்சுவலி என்றால், ஏற்றுவதைப் பற்றி டாக்டர் பேசுவார். ஒரு பை சுமார் ஒரு புள்ளிதான் ஏற்றும். முதல் பை முடிந்ததும் திரும்பப் பார்த்துவிட்டு, இரண்டாவது வேண்டுமா என்று கேளுங்கள்.

பையில் உள்ள பெயரையும் குரூப்பையும் நாங்கள் சரிபார்க்கும்போது நீங்களும் கூட நின்று பாருங்கள். முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், அரிப்பு, முதுகுவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று டியூபில் உள்ள உருளையை மட்டும் நீங்களாகத் திருப்பாதீர்கள்.