அத்தோ சாப்ட்டா டயட்டு போச்சா?

வெயிட்டு கொறைக்க கெளம்புற நெறைய பேரு கவுறது சாப்பாட்டுல இல்ல, சாப்ட்ட அப்புறம் மனசுல வர்ற "போச்சு"ங்கற வார்த்தைல தான். சென்னை பீச் ஸ்டேஷன்ல எறங்கி பர்மா பஜார் பக்கம் நடந்தாலே, அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் விக்கிற கடைல அண்ணன் கையாலயே நூடுல்ஸ பெசஞ்சு தட்டைய நொறுக்கிப் போட்டு பூண்டெண்ணெய ஊத்துற வாசன வரும், எனக்கு காலு தானா நின்னுரும், ஒரு பிளேட்டு, கூட வாழத்தண்டு சூப்பு, முட்ட மசாலா. அது மேட்டரே இல்லங்க. "இன்னிக்கு போச்சு"ன்னு வீட்டுக்கு வந்து புரோட்டா, அப்புறம் "திங்கக்கெழமலேந்து பாத்துக்கலாம்", நடுவுல மூணு நாளு இஷ்டத்துக்கு தின்றோம் பாருங்க, அங்க தான் கத கந்தல்.

1975லயே ஹெர்மன், மாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இத டெஸ்ட் பண்ணாங்க. மொதல்ல மில்க் ஷேக்கு, அப்புறம் ஐஸ்க்ரீம். வாயக் கட்டுறதப் பத்தி யோசிக்காதவங்க ஷேக்கு குடிச்சதும் ஐஸ்க்ரீம கொறச்சுக்கினாங்க, வாயக் கட்டிக்கினு இருந்தவங்க தான் எக்ஸ்ட்ரா சாப்ட்டாங்க!

அதனால முன்னாடியே ஒரு வரி பேப்பர்ல எழுதி பர்ஸுல வச்சுக்கோங்க: "அத்தோ சாப்ட்டா, அடுத்த வேள வழக்கம் போல மூணு இட்லி." பட்டினி கெடக்கக் கூடாது, கெடந்தா நைட்டு பத்து மணிக்கு ஃபிரிட்ஜ தொறப்பீங்க.

மறுநாள் காலைல அந்த ஒரு நாள் நம்பருக்காக வெயிட்டு மிஷின்ல ஏறாதீங்க. உப்பு தண்ணிய புடிச்சு வைக்கும், ஒரு கிலோ கூட காட்டும், மூடே போயிரும். ஒரு கிலோ கொழுப்பு ஏற சுமார் 7,700 கலோரி மிச்சமா சாப்டணும், ஒரு பிளேட்டுல அதெல்லாம் வராது. வாரத்துல ஏழு நாளும் பாத்து ஆவரேஜ் போடுறதும் சரி தான், ஆனா நம்பர் பாத்தா பேஜாராவுற ஆளா இருந்தா வாரம் ஒருவாட்டி போதும்.

அம்மா தட்டுல இன்னொரு கரண்டி வைக்க வந்தா "டயட்டு"ன்னு சொல்லாதீங்க, சண்ட தான் வரும். "அப்புறம் போட்டுக்கறேம்மா", அவ்ளோதான்.

21 நாள்ல பழக்கமாயிரும்னு சொல்றத நம்பாதீங்க. லண்டன்ல 96 பேர வச்சு பாத்ததுல 18 நாள்லேந்து 254 நாள் வரைக்கும் போச்சு, நடுவுல ஒருநாள் விட்டதுல பெருசா ஒண்ணும் கெடல.

ஆனா யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சு, நிறுத்தவே முடியாம சாப்ட்டு, அப்புறம் வாந்தி எடுக்கறீங்கன்னா இந்த டிப்ஸெல்லாம் வேணாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, மொதல்ல அங்க போயி டாக்டர பாருங்க.